தெருவுல பிளாக் அண்ட் ஒயிட் ரோல் ஓட்டணுமா? எந்த கேமரா, எந்த ஃபிலிம், எங்க கழுவுறது

எங்க ஆபீஸ்ல ஒரு தம்பி இருக்கான், சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகுது, கையில 25 ஆயிரம் ரூபா சேர்த்து வெச்சுக்கிட்டு ஒரு மாசமா என் உயிரை வாங்குறான். "அண்ணே, லைக்கா வாங்குற வரைக்கும் காத்திருக்கவா, இல்ல கிடைச்சதை எடுத்துக்கிட்டு இறங்கிடவா?" லைக்கான்னா ஜெர்மன்காரங்க செய்யுற விலை உசந்த கேமரா. கீழ டீக்கடையில ஒரு மணி நேரம் பேசியும் தீரல, இதே கேள்வியை இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டாங்க, அதனால எழுதியே வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நான் சென்னையில பத்து வருஷமா திருவல்லிக்கேணி, சௌகார்பேட்டை, காசிமேடுன்னு சுத்தி எடுக்குறவன், பெரிய ஆளெல்லாம் இல்ல, ஆனா நிறைய ரோல் வீணாக்கியிருக்கேன், அந்த வீணாக்குன அனுபவத்துலதான் பேசுறேன்.

முதல்ல, ஃபோன்ல எடுத்து கருப்பு வெள்ளையா மாத்திக்கிட்டா போதாதான்னு கேட்டீங்கன்னா, போதும். நிஜமாவே போதும். படம் நல்லா வரணும்ங்குறதுதான் ஒரே குறின்னா ஃபிலிம் பக்கமே வராதீங்க, காசு மிச்சம். ஃபிலிம்ல எனக்குக் கிடைக்கிற ஒரே பெரிய லாபம், எடுத்த உடனே குனிஞ்சு ஸ்கிரீனைப் பார்க்குற வேலை கிடையாது, கண்ணு தெருவுலயே இருக்கும். இதுல ஒரு வில்லங்கமும் இருக்கு. நம்ம ஊர்ல ஒருத்தரை எடுத்துட்டா அடுத்த கேள்வி "எந்த சேனல்?", அதுக்கடுத்தது "காட்டு பார்ப்போம்". டிஜிட்டல்னா காட்டிச் சிரிச்சு சமாதானம் ஆயிடலாம், அவருக்குப் பிடிக்கலன்னா கண்ணு முன்னாடியே அழிச்சிடலாம். ஃபிலிம்ல காட்ட ஒண்ணுமே இல்ல. பாரதி சாலையில ஒரு பெரியவர் கேமராவோட பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு "இதுல ஒண்ணும் தெரியலையே, ஏமாத்துறியா தம்பி"ன்னு கேட்டாரு. "பழைய ஃபிலிம் ரோல் கேமராங்க ஐயா"ன்னு சொன்ன உடனே ஆள் மாறிட்டாரு, தன் கல்யாண ஆல்பம் கதையை அரை மணி நேரம் சொன்னாரு. எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க, வேண்டாம்னு கை காட்டினா இறக்கிடுங்க, அந்த ஃபிரேம் போனாப் போகுது.

சரி, கேமராவுக்கு வருவோம். தம்பி தலையில இருக்குறது ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது லைக்கா மாதிரி. அது நல்லதுங்குறதுக்குக் காரணம் உண்டு, வெறும் பந்தா இல்ல. லென்ஸ் வழியா பார்க்காம பக்கத்துல இருக்குற சின்ன ஜன்னல் வழியா பார்க்குறோம், ஃபிரேம் கோட்டுக்கு வெளிய யாரு நடந்து வர்றாங்கன்னு முன்கூட்டியே தெரியும், உள்ள ஒரு கண்ணாடி மேல கீழ அடிக்கிற சத்தம் கிடையாது, கிளிக் பண்ற நொடியில கண்ணு இருட்டாகுறதும் கிடையாது. லைக்கா எம்3 வந்தது 1954ல, கோடாக்கோட கருப்பு வெள்ளை ஃபிலிம் ட்ரை-எக்ஸ் 35 எம்எம் ரோலா வந்ததும் அதே வருஷம்தான், அந்த ரெண்டும் சேர்ந்துதான் தெருப் படம்னா இப்படி இருக்கும்னு நம்ம மண்டையில பதிஞ்சு போச்சு. ஆனா எம்3 வர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, 1950 ஏப்ரல்ல, பிரெஞ்சு ஃபோட்டோகிராஃபர் கார்த்தியே பிரெசான் திருவண்ணாமலையில ரமணாசிரமத்துல இருந்தாரு, ரமணரோட கடைசி நாட்கள்ல அவரைப் படம் எடுத்தவர் அவரு. அப்ப கையில இருந்தது அதைவிடப் பழைய, லென்ஸைத் திருகி மாட்டுற ஸ்குரூ மவுண்ட் லைக்கா, இன்னைக்கு நம்மாளுங்க "இதுல வேலை செய்யவே முடியாதே"ன்னு சொல்ற வகை. இதை ஏன் சொல்றேன்னா, தம்பி மாதிரி ஆளுங்க காத்திருக்குறது கேமராவுக்காக இல்ல, தைரியத்துக்காக, அதைக் கடையில விக்கிறதில்ல.

லைக்கா இப்ப லட்சத்துல போகுது, விடுங்க. பட்ஜெட் ரேஞ்ச்ஃபைண்டர்னா யாஷிகா எலெக்ட்ரோ 35 அங்கங்க கிடைக்கும், ரொம்ப பேர் வீட்டு பீரோவுல அப்பாவோ மாமாவோ வாங்கினது துணிக்கு அடியில கிடக்கும். லென்ஸ் 45 எம்எம் எஃப் 1.7, அருமையான லென்ஸ், அதுல சந்தேகமே இல்ல. ஆனா தெருவுக்கு அதுல எனக்கு ஒரு பெரிய குறை. அப்பெர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரத்தோட அளவு (எஃப் நம்பர்னு சொல்றது அதைத்தான், நம்பர் கூடினா துவாரம் சின்னது), அது மட்டும்தான் நம்ம கையில, ஷட்டர் எவ்வளவு நேரம் திறக்கணும்ங்குற ஷட்டர் ஸ்பீடை அதுவே முடிவு பண்ணிக்கும், நாம சொல்ல முடியாது. வெள்ளை வேட்டி கட்டினவர் ஃபிரேமுக்குள்ள வந்தா அது ஒரு கணக்கு போடும், நிழல்ல நிக்கிறவர் முகம் கருப்பாயிடும். பேட்டரி பழைய 5.6 வோல்ட் மெர்க்குரி வகை, இப்ப வர்றதில்ல, அடாப்டர் போட்டு 6 வோல்ட் போடணும். உள்ள ஒரு சின்ன ரப்பர் துண்டு இருக்கு, வயசாகி அது மக்கிப் போச்சுன்னா ஆட்டோ எக்ஸ்போஷரே குழம்பிடும். பீரோவுல சும்மா கிடைச்சா சந்தோஷமா ஓட்டுங்க, காசு கொடுத்து வாங்குறதுன்னா நான் யோசிப்பேன்.

அடுத்தது எஸ்எல்ஆர், உள்ள ஒரு கண்ணாடி வெச்சு லென்ஸ் வழியாவே பார்க்குற வகை. பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, எஃப்எம்10, யாஷிகா எஃப்எக்ஸ்-3 இந்த வகையறா. மெக்கானிக்கல், பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடும், வெளிச்சம் அளக்குற மீட்டர் மட்டும்தான் போகும். ஷட்டர் ஸ்பீடு, அப்பெர்ச்சர் ரெண்டும் நம்ம கையில. இதோட கெட்ட பேரு சத்தம், கண்ணாடி "டக்"குனு அடிக்கும்னு எல்லாரும் பயமுறுத்துவாங்க. மின்ட் ஸ்ட்ரீட்ல சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை நின்னு பாருங்க, மாட்டுவண்டி, ஆட்டோ ஹாரன், கோயில் ஸ்பீக்கர், இதுக்கு நடுவுல உங்க கண்ணாடி சத்தம் உங்களுக்கே கேக்காது. லைப்ரரிக்குள்ள எடுக்கணும்னா அது வேற கதை. கே1000 வாங்கினா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க, மீட்டருக்கு ஆன் ஆஃப் சுவிட்சே கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டாதான் பேட்டரி மிச்சமாகும், நான் இது தெரியாம முதல் ரெண்டு மாசத்துல மூணு பேட்டரி வாங்கினேன்.

மூணாவது சட்டைப்பை சைஸ் காம்பேக்ட். ஜப்பான் ஃபோட்டோகிராஃபர் டைடோ மொரியாமா ரிக்கோ ஜிஆர் வெச்சுக்கிட்டு டோக்கியோ ஷின்ஜுகுவுல நடக்குறதைப் பார்த்துட்டு எல்லாருக்கும் அது மேல ஆசை வந்துடும், எனக்கும் வந்துச்சு. யாரும் நம்மளை ஒரு பொருட்டா மதிக்க மாட்டாங்கங்குறது அதோட பெரிய பலம். ஆனா ஃபிலிம் ஜிஆர்1 வந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆச்சு, முழுக்க எலெக்ட்ரானிக்ஸ், ஒரு நாள் செத்துப் போச்சுன்னா ரிப்பேர் பண்ண இங்க ஆள் தேடி அலையணும், விலையோ எஸ்எல்ஆரைவிட ரெண்டு மூணு மடங்கு. அந்தக் காசுக்கு எத்தனை ரோல் வரும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. இல்ல, சும்மா பழகிப் பார்க்கணும்னா எண்பது தொண்ணூறுகள்ல எல்லார் வீட்லயும் இருந்த யாஷிகா எம்எஃப்-2 மாதிரி ஃபோகஸ் பண்ற வேலையே இல்லாத டப்பா ஒண்ணை எடுத்துக்குங்க, நல்ல வெயில்ல அது ஏமாத்தாது. கழுத்துல தொங்கவிட்டு மேலேருந்து குனிஞ்சு பார்க்குற ட்வின் லென்ஸ் வகையும் இருக்கு, அமெரிக்காவுல விவியன் மேயர்ங்குற அம்மா சிகாகோ தெருவுல ரோலிஃபிளெக்ஸ்ல எடுத்ததெல்லாம் அப்படித்தான், கண்ணுக்கு நேரா தூக்காததால எதிர்ல இருக்குறவங்களுக்குக் குறி வைக்கிற மாதிரி இருக்காது. ஆனா ரோலுக்கு 12 படம்தான், இடம் வலமா மாறித் தெரியும், புதுசா வர்றவங்களுக்கு வேண்டாம்.

என் முடிவு எஸ்எல்ஆர்தான், ஆனா அதோட வர்ற 50 எம்எம் லென்ஸை வீட்ல வெச்சுட்டு அதைவிட அகலமா பார்க்குற 35ஓ 28ஓ மாட்டினா மட்டும். கேமரா பாடியைப் பத்தி மூணு மாசம் மண்டையை உடைக்கிறவங்க இதைப் பத்தி மூணு நிமிஷம் யோசிக்கிறதில்ல. தெருவுல ஃபோகஸ் ரிங்கைத் திருப்பிக்கிட்டு இருக்க நேரம் கிடையாது, முன்னாடியே தூரத்தை செட் பண்ணி வெச்சுட்டு நடக்கணும். 50 எம்எம்ல எஃப் 8 வெச்சு 3 மீட்டர்ல ஃபோகஸை நிறுத்தினா தோராயமா 2.3 மீட்டர்லருந்து 4.2 மீட்டர் வரைக்கும்தான் ஷார்ப், ஒரு ஆள் ரெண்டு எட்டு வெச்சா வெளிய போயிடுவாரு. அதே எஃப் 8, அதே 3 மீட்டர், 35 எம்எம்னா 1.9லருந்து 7 மீட்டர் வரைக்கும் கிடைக்கும். எஃப் 11க்குப் போனா 1.7லருந்து 15 மீட்டர், கிட்டத்தட்ட தெருவே உள்ள வந்துடும். ரேஞ்ச்ஃபைண்டரால கிடைக்கிற வேகம்னு சொல்றாங்களே, அதுல பாதி இந்தக் கணக்குதான், இது எஸ்எல்ஆர்லயும் அப்படியே வேலை செய்யும், கேமராவைக் கண்ணுக்குத் தூக்குறது ஃபிரேம் கட்டுறதுக்கு மட்டும்தான். நம்ம ஊர் வெயிலுக்கு எஃப் 11 ஒரு பிரச்சனையே இல்ல. 400 ஸ்பீடு ரோல் (ஸ்பீடு நம்பர் கூடினா கம்மி வெளிச்சமே போதும்) போட்டா மத்தியான வெயில்ல எஃப் 16ல 1/500 நொடி, தெருவோட நிழல் பக்கம்னா எஃப் 5.6, மீட்டரே பார்க்க வேண்டாம்.

இடுப்புல வெச்சு பார்க்காம அடிக்கிறது பத்தி தம்பி கேட்டான். அடிக்கலாம், நானும் ஒரு வருஷம் அடிச்சேன், கிடைச்சது நிறைய தலையில்லாத மனுசங்களும் நிறைய வானமும்.

ஃபிலிம் விஷயத்துல ரொம்ப குழப்பிக்க ஒண்ணும் இல்ல. ட்ரை-எக்ஸ் 400, இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கென்ட்மியர் 400, ஃபோமாபான் 400, இந்த நாலுல ஒண்ணு. எச்பி5ம் கென்ட்மியரும் இங்கிலாந்துல ஒரே கம்பெனி, ஹார்மன், செய்யுறதுதான், கென்ட்மியர் விலை குறைஞ்சது. வித்தியாசம் எங்க தெரியும்னா சாயங்காலம் வெளிச்சம் போன பிறகு 400 ரோலையே 1600னு வெச்சு எடுத்து, படத்தை வெளிய கொண்டு வர்ற கெமிக்கலான டெவலப்பர்ல கூட நேரம் வைக்கும்போது, அங்க எச்பி5 தாங்கும், கென்ட்மியர் கொஞ்சம் முரடாகும். ட்ரை-எக்ஸ் அழகுதான், மறுக்கல, ஆனா விலையைப் பார்த்தா ஒவ்வொரு தடவை கிளிக் பண்ணும்போதும் கை யோசிக்கும், தெருவுல கை யோசிச்சா படம் போச்சு. ஃபோமா செக் நாட்டு சரக்கு, டப்பாவுல 400னு போட்டிருந்தாலும் 200, 250ன்னு நினைச்சு எடுத்தாதான் நிழல்ல ஏதாவது தெரியும். கற்றுக்குற காலத்துல கென்ட்மியர், ஏன்னா அதை பயமில்லாம வீணாக்கலாம், ராத்திரி எடுக்க ஆரம்பிச்ச பிறகு எச்பி5. அமெரிக்கத் தெரு ஃபோட்டோகிராஃபர் கேரி வினோகிராண்ட் 1984ல செத்தப்ப கழுவாத ரோலே சுமார் 2,500 இருந்துச்சு, அவ்வளவு வேண்டாம், ஆனா வாரத்துக்கு ஒரு ரோல் ஓட்ட முடியாத ஃபிலிமை வாங்காதீங்கன்னு சொல்றேன்.

எந்த ஃபிலிம் ஆனாலும் நம்ம ஊருக்கு ஒரு திருத்தம். நம்ம ஆளுங்க நிறம், அதுக்கு மேல உச்சி வெயில், அதுக்கு மேல வெள்ளை வேட்டி. மீட்டர் வேட்டியைப் பார்த்து ஏமாந்து போகும், முகம் கரி ஆயிடும். 400 ரோலை 250னு செட் பண்ணிட்டு முகத்துக்கு எக்ஸ்போஸ் பண்ணுங்க, டெவலப்பர்ல நேரத்தைக் கொஞ்சம் குறைங்க, வேட்டியும் வெளுத்துப் போகாது. இங்கிலீஷ் வீடியோ பார்த்து கத்துக்கிட்டு வர்ற பசங்க இதுலதான் மாட்டிக்கிறாங்க, அங்க மேகம், வெள்ளைத் தோல், கணக்கே வேற.

இதை எழுதும்போது ஒரு ஆதங்கம். ஊட்டியில இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்துச்சு, 1960ல தொடங்கின அரசாங்க கம்பெனி, இந்து (Indu) பிராண்டுல நம்ம மண்ணுலயே கருப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், பேப்பர் எல்லாம் செஞ்சாங்க, தொழிற்சாலை இருந்த இடத்துக்கே இந்து நகர்னு பேரு. அதை மூடியாச்சு. இன்னைக்கு டாலர் ஏறினா நம்ம ரோல் விலை ஏறுது.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற விஷயம், எங்க கழுவுறது. கேமராவை மாத்திக்கலாம், ஃபிலிமை மாத்திக்கலாம், ஆனா கழுவுறதுக்கு வழி இல்லன்னா மூணாவது மாசத்துல இதை விட்டுடுவீங்க, நிறைய பேர் விட்டதை நான் பார்த்திருக்கேன். லேப்ல கொடுக்குறது ஒரு வழி. நல்ல லேப் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க, கருப்பு வெள்ளை கெமிக்கல் தனியா வெச்சிருக்கீங்களான்னு. நான் ஆரம்பத்துல ஒரு கடையில கொடுத்தேன், பேரு வேண்டாம், பங்குனி உற்சவத்துல மயிலாப்பூர் மாட வீதியில அறுபத்து மூவர் அன்னைக்கு எடுத்த மூணு ரோல். அவங்க கலர் ஃபிலிம் மெஷின்ல, சி-41 கெமிக்கல்ல விட்டுட்டாங்க. கலர் பிராசஸ்ல கடைசியில வெள்ளியை மொத்தமா கரைச்சு எடுத்துடுவாங்க, கலர் ஃபிலிம்ல சாயம் மிஞ்சும், நம்ம ஃபிலிம்ல படமே அந்த வெள்ளிதான். திரும்பி வந்தது மூணு சுத்தமான பிளாஸ்டிக் நாடா, கண்ணாடி மாதிரி. "சார் உங்க கேமரா ரிப்பேர் போல"ன்னு சொன்னாங்க. ஓரத்துல அச்சாகி வர்ற நம்பர்கூட இல்லையேப்பா, அது எப்படி கேமரா தப்பாகும்னு கேட்டேன், பதில் இல்ல. வீட்ல கழுவவே முடியாது, பக்கத்துல கலர் லேப் மட்டும்தான் இருக்குன்னா இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர்னு ஒண்ணு இருக்கு, அது கருப்பு வெள்ளையாவே வரும், ஆனா சி-41லயே கழுவுற மாதிரி செஞ்சது, அதை வாங்கிக்குங்க.

ஆனா முடிஞ்சா வீட்ல கழுவுங்க. டார்க் ரூம் எல்லாம் வேண்டாம், வெளிச்சம் புகாத ஒரு கருப்புப் பை, ஒரு டேங்க், ஒரு தெர்மாமீட்டர், டெவலப்பர், வந்த படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ, பாத்ரூம் இவ்வளவுதான். பைக்குள்ள கையை விட்டு ரோலை டேங்குக்குள்ள போற ஸ்பூல்ல ஏத்துறதுதான் கஷ்டம், மே மாசத்துல உள்ளங்கை வேர்த்து ஃபிலிம் ஒட்டிக்கும், வேஸ்ட் ரோல் ஒண்ணை வெளிச்சத்துல பத்து தடவை, கண்ணை மூடி பத்து தடவை பழகிட்டுப் போங்க. புத்தகத்துல எல்லாம் 20 டிகிரினு போட்டிருக்கும், நம்ம மொட்டை மாடி டேங்க் தண்ணி மே மாசம் 35ல வரும். எச்பி5க்கு டி-76ங்குற டெவலப்பரை ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி கலந்தா 20 டிகிரில 11 நிமிஷம், நான் 24ல வெச்சு எட்டு நிமிஷத்துக்குக் கிட்டத்துல எடுக்குறேன். 20ல 4 நிமிஷம்னா 23ல 3 நிமிஷம், இல்ஃபோர்டு சொல்ற கணக்கு அது, அந்த விகிதத்துல குறைச்சுக்கிட்டே வாங்க, ஆனா அஞ்சு நிமிஷத்துக்குக் கீழ போகவிடாதீங்க, வானம் திட்டுத் திட்டா வந்துடும். அதனாலதான் தண்ணி கலந்து நேரத்தை நீட்டுறது. ஒரு பிளாஸ்டிக் டப்புல ஐஸ் கட்டியைக் கவர்ல கட்டிப் போட்டு, டெவலப்பர், ஹைப்போ, கழுவுற தண்ணி மூணு பாட்டிலையும் அதுலயே நிறுத்துங்க, மூணும் ஒரே சூடுல இருக்கணும், அதுதான் முக்கியம்.

தண்ணி அதிகம் செலவாகுமேன்னு பயப்படாதீங்க. 2019ல சென்னையில ஏரியெல்லாம் வறண்டு லாரிக்குக் குடத்தோட நின்ன அந்த வெயில்லயும் நான் கழுவினேன். ஹைப்போவுக்கு அப்புறம் டேங்க்ல தண்ணி ஊத்தி அஞ்சு தடவை கவுத்து நிமித்திட்டு கொட்டணும், அடுத்த தண்ணியில பத்து தடவை, அதுக்கடுத்து இருபது, முடிஞ்சது, மொத்தமே ஒரு லிட்டருக்குள்ள அடங்கிடும். கடைசி அலசலுக்கு மட்டும் போர் தண்ணி வேண்டவே வேண்டாம், உப்பு காய்ஞ்சு நெகட்டிவ் முழுக்க வெள்ளைப் புள்ளி வரும், டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி அலசுங்க. செலவுன்னு பார்த்தா டி-76 ஒரு லிட்டர் கலக்குனா இப்படி ஆறு ரோல் வரும், லேப்ல ஒரு ரோலுக்குக் கேட்குற காசோட ஒப்பிட்டா டேங்க் வாங்கின செலவு சீக்கிரமே திரும்பிடும். ரோலை ஃபிரிட்ஜ்ல வெக்கலாம், கெமிக்கலை வெக்கக் கூடாது, மாவு டப்பா பக்கத்துல ஹைப்போ பாட்டிலைப் பார்த்த அன்னைக்கு எங்க அம்மா பேசின பேச்சு இன்னும் காதுல இருக்கு.

தம்பி கடைசியில செகண்ட் ஹேண்ட்ல ஒரு எஃப்எம்10, ஒரு 35 எம்எம், அஞ்சு கென்ட்மியர், ஒரு டேங்க் வாங்கினான், 25 ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுது. வாங்குறப்ப லென்ஸை டார்ச் அடிச்சுப் பார்த்தோம், நூல் நூலா ஃபங்கஸ் இருந்ததுன்னு முதல் லென்ஸை வேண்டாம்னுட்டோம். முதல் ரோலை லோடு பண்ணும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னேன், அட்வான்ஸ் பண்றப்ப இடது பக்க ரீவைண்ட் குமிழ் கூடவே சுத்துதான்னு பாரு, சுத்தலன்னா ஃபிலிம் மாட்டல, நீ காத்தைத்தான் எடுத்துக்கிட்டு இருப்ப. சுத்துச்சு.

போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு பாத்ரூம்ல கழுவினோம். ஸ்பூல்லருந்து உருவும்போது ஈரத்துல ஃபிலிம் பளபளன்னு பாம்பு மாதிரி வந்துச்சு, ஷவர் பைப்புல கிளிப் போட்டுத் தொங்கவிட்டுட்டு அவன் ஃபோன்ல கலரைத் தலைகீழா மாத்தி ஒவ்வொரு ஃபிரேமா பார்த்தான். 36ல 9 கையாட்டம், 6 முதுகு, 4 ஒண்ணுமே இல்ல. 23வது ஃபிரேம்ல ரத்னா கஃபே பக்கத்துல ஒரு பூக்கார அம்மா, பல்லுல நூலைக் கடிச்சுக்கிட்டு வேற யாரையோ பார்த்துச் சிரிக்கிறாங்க, பின்னாடி பஸ் கண்ணாடியில ஒரு பையன் நெத்தியை ஒட்டி வெச்சுக்கிட்டு அவங்களையே பார்க்குறான். அந்தப் பையன் அங்க இருந்ததே தனக்குத் தெரியாதுன்னான். அப்புறம் லைக்காவைப் பத்தி கேக்கல, ஐஸ் எங்க வாங்கினீங்கண்ணேன்னுதான் கேட்டான்.